கரடியின் கண்ணாடித் தொட்டியும் கொட்டாவிப் பரீட்சையும்

கரடி சடையனுக்கு அந்தக் கோடையில் தூக்கம் தொலைந்துபோயிற்று.

படுத்தால் முதுகு அரிக்கும். முதுகைச் சொறிந்தால் காது குடையும். காதைத் தேய்க்கும்போது, கரையான் புற்று ஒன்றைப் பாதி தோண்டியபடி விட்டு வந்தது நினைவுக்கு வரும். எழுந்து போவான். புற்றை எட்டுவதற்குள் தாகம் எடுக்கும். ஆற்றுப் பக்கம் திரும்புவான். இப்படிப் புற்றுக்கும் ஆற்றுக்கும் அவன் நடந்து நடந்து, தடம் பள்ளமாகி, பள்ளம் வாய்க்காலாகி, ஒருநாள் அதற்குள் விழுந்த யானைக்குட்டியைத் தும்பிக்கையைப் பிடித்து அதன் அம்மா வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள். இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆறும் அப்போது பேருக்குத்தான் ஆறு. எங்கே பார்த்தாலும் பாறையும் மணலும். ஒரு மத்தியானம் சடையன் போனபோது மிச்சம் இருந்தது ஒரே ஒரு குழி, யானைக் காலடி அளவு. அதில் ஒரு குடும்பம் அயிரை மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சடையன் குடிக்கக் குனிந்தான்.

"அண்ணே" என்றது ஒரு அயிரை. விரல் நீள உடம்பு, வாயைச் சுற்றி மீசை. பெயர் மணலி. "குடிக்கிறதா இருந்தா சட்டுன்னு குடிச்சிடுங்க. வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா வேகறதுக்கு அது பரவாயில்ல."

சடையன் குடிக்கவில்லை. தாகத்தோடு நிமிர்ந்தான். தலையைச் சொறிந்தான். காட்டோரம் பாழாய்க் கிடக்கும் பங்களா அவன் நினைவுக்கு வந்தது. அதன் வராந்தாவில் யாரோ விட்டுப்போன கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. சின்னத் தொட்டிதான். ஒருமுறை வெக்கை தாங்காமல் அதில் உட்காரப் பார்த்து, பின்புறம் பாதிகூட உள்ளே போகாமல் எழுந்து வந்திருக்கிறான். பக்கத்துச் சுவர் வெடிப்பில் மலை ஊற்று சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தத் தண்ணீரைப் பிடித்து நிரப்பினான். ஆற்று மணலை வாயில் அள்ளி வந்து அடியில் பரப்பினான். தேக்கு இலையில் அயிரைகளை ஏந்தி வந்து உள்ளே விட்டான்.

"ஆத்துல புதுத் தண்ணி வந்ததும் நானே கொண்டுபோய் விடறேன்" என்றான். "அதுவரைக்கும் உங்க உயிருக்கு நான் பொறுப்பு."

"எல்லாருக்கும் சேர்த்துத்தானே?" என்றாள் மணலி. அவள் தம்பி தங்கைகள் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டி நொய் அரிசி மாதிரி இருந்தான். அவன் பெயரும் நொய்யன்தான்.

"எல்லாருக்கும்."

அயிரைகள் மணலுக்குள் தலையை நுழைத்து, மீசையால் துழாவி, இன்னோர் இடத்தில் எழுந்து வந்தன. நுழைந்தன, வந்தன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த சடையனுக்குத் தாடை தானாகத் திறந்தது. கொட்டாவி. எத்தனையோ காலமாக வராத கொட்டாவி. அப்படியே வராந்தாவில் சாய்ந்தான், தூங்கிப்போனான்.

விழித்தபோது எதிரே நீர்நாய் நழுவாண்டி உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைவாயில் எச்சில் ஒழுகிற்று.

"இந்த வெயில் இருக்கே மச்சான், வாயில தண்ணியா ஊத்துது" என்று துடைத்துக்கொண்டான். விலா எலும்பு எண்ணிவிடலாம் போல இருந்தான். ஆறு வற்றினால் நீர்நாய்க்கு வேறென்ன கதி? பாறை இடுக்கு ஈரத்தில் பொடி மீன்கள்தான் ஒளிந்திருந்தன. அதைத் தின்று ஏப்பம்கூட வராது என்று அவனே புலம்பினான். பிறகு தொட்டியைச் சுற்றி வந்தான். நல்ல தொட்டி என்றான். கண்ணாடி நயம் சரக்கு என்றான். உள்ளே இருப்பதுதான் கொஞ்சம் என்று இழுத்தான்.

"என்ன கொஞ்சம்?" என்றான் சடையன்.

"சேத்து நிறத்துல நாலு அயிரை. கல்யாண வீட்டுப் பந்தலுக்குச் சாக்குப் படுதா கட்டின மாதிரி இருக்கு. கலர் வேணாமா மச்சான்? ஒரே வித மீனுக்கே இவ்வளவு தூக்கம் வருதுன்னா, நாலு விதமா இருந்தா எப்படி வரும்?"

சடையனின் கால் பரபரக்கத் தொடங்கிற்று. அதுதான் அவன் சுபாவம். இருப்பது போதும் என்று அவன் வாழ்நாளில் எதையும் விட்டதில்லை. ஒரு தேன்கூட்டைத் தின்னும்போது அடுத்த கூட்டைப் பார்ப்பான்.

நழுவாண்டி தானே மீன் கொண்டுவருவதாகச் சொன்னான். பதிலுக்கு ஒன்றும் வேண்டாமாம். சடையனுக்கு நன்றாகத் தூக்கம் வந்தால் போதுமாம். கொண்டுவந்த மீன் சேரவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்; அருவிக்கடியில் வற்றாத மடு இருக்கிறது, அங்கே விட்டுவிடுவான், போகிற வழிதானே.

எந்த மீனை எடுப்பது என்பதற்குச் சடையன் ஒரு பரீட்சை கண்டுபிடித்தான். மீனைத் தொன்னையில் தனியாக மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பான். கொட்டாவி வந்தால் தேர்ச்சி. வராவிட்டால் தோல்வி. தூக்கத்துக்காகத்தானே தொட்டி?

"பெரிய மூளை மச்சான் உனக்கு" என்றான் நழுவாண்டி. மீசை துடித்ததே ஒழிய அவன் சிரிக்கவில்லை.

முதலில் வந்தவன் பைட்டர் என்கிற சண்டை மீன். வனத்துறைச் செக்போஸ்ட் ஜன்னலில் ஜாம் பாட்டிலுக்குள் இருந்தவனை நழுவாண்டி கடத்தி வந்திருந்தான். நீலப் பட்டு வேட்டியைப் பிரித்து விட்டது போல வால். தொன்னையில் அவன் மெல்ல அசைய, வால் ஒரு பக்கம் அலைய, சடையன் தாடை கழன்றுவிடும் அளவுக்குக் கொட்டாவி விட்டான். பைட்டர் உள்ளே போனான்.

போன வேகத்தில் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துவிட்டான்.

"இன்னாடா லுக்கு வுடுற?" என்று செவுளை விரித்தான். கண்ணாடிக்காரனும் விரித்தான். "ஒண்டிக்கு ஒண்டி வர்றியா?" அவனும் வந்தான். நாள் முழுக்க அதே சண்டை. கண்ணாடியில் முட்டுகிற ஒவ்வொரு முட்டுக்கும் அயிரைகள் மணலுக்குள் ஆணி போல இறங்கின. கண்ணாடிக்காரன் ஓயவில்லை, ஆகவே பைட்டரும் ஓயவில்லை.

சடையன் கவலையோடு நழுவாண்டியைக் கூப்பிட்டான். பைட்டருக்குப் பேச்சுத்துணை இல்லை, அதுதான் வியாதி என்றான் நழுவாண்டி. மறுநாளே கெண்டை ஒன்றைக் கொண்டுவந்தான். வெள்ளிக் காசு போல மின்னுகிற இளவட்டக் கெண்டை. தொன்னையில் சுற்றிச் சுற்றி வந்தது. அதோடு சுற்றிய சடையனின் கண் சொக்கிற்று. கொட்டாவி.

"அண்ணே" என்று மணலி மேலே வந்தாள். கெண்டை என்பது பத்துப் பதினைந்து பேராகச் சுற்றுகிற சாதி. கூட்டத்தில் இருந்தால் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு தங்களுக்குள் விளையாடுவார்கள். ஒற்றையாக விட்டால் அந்த விளையாட்டு நம் மேல் திரும்பும் என்று சொல்லிப் பார்த்தாள்.

"பொறாமை மச்சான்" என்று நழுவாண்டி காதோடு சொன்னான். "கறுப்பாப் பொறந்தவங்களுக்கு வெள்ளியைக் கண்டா ஆகாது."

மணலி சொன்னபடியேதான் நடந்தது. கெண்டைக்கு விளையாட ஆளில்லை. பைட்டரின் வாலோ கொடியில் காயப்போட்ட துணி போல ஆடிற்று. ஒரு கடி கடித்துப் பார்த்தது. நன்றாக இருந்தது. இன்னொரு கடி. பைட்டர் திரும்புவதற்குள் அது அந்தப் பக்கம் போய்விடும். பாவம், முன்னால் இருக்கிற கண்ணாடிக்காரனையும் பார்க்க வேண்டும், பின்னால் இருக்கிற கெண்டையையும் பார்க்க வேண்டும். அந்த வாரமே பட்டு வேட்டி கோவணமாயிற்று. அவன் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தான்.

நழுவாண்டி நாக்கைச் சப்புக்கொட்டி வருத்தப்பட்டான். மடுவில் விட்டால் புதுத் தண்ணீரில் வால் முளைத்துவிடும் என்று சொல்லி, தொன்னையில் ஏந்திக்கொண்டு போனான்.

அடுத்து கெண்டை அயிரைகள் மேல் திரும்பிற்று. மணலை விட்டு யாராவது தலை நீட்டினால் மீசையைப் பிடித்து இழுக்கும். சடையன் அதற்குக் கரையானை அள்ளி அள்ளிப் போட்டான். வயிறு நிறைந்தால் குறும்பு அடங்கும் என்று கணக்கு. கெண்டை கொழுத்தது, குறும்பும் கொழுத்தது. தொட்டி கலங்கிக் கிடந்தது. கரை காணாத கலக்கம். சடையன் பழையபடி வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கலானான். அவன் நடந்தால் தரை அதிரும். தரை அதிர்ந்தால் தொட்டி அதிரும். தொட்டி அதிர்ந்தால் அயிரைகளுக்கு நெஞ்சு அதிரும்.

"திருப்பிக் கொடுத்துடு மச்சான்" என்றான் நழுவாண்டி. "தொட்டியில ரொம்ப ஆட்டம் போடறவங்களை எடுத்ததுதான் தப்பு. அமைதியான ஆளா நான் பார்த்துக் கொண்டாரேன்."

கெண்டையும் தொன்னையில் ஏறிப் போயிற்று. நல்ல கனம்.

வந்தவன் ஒரு குழந்தை. செக்கச்செவேலென்று, மருதாணி வைத்த விரல்நுனி மாதிரி. தாய் தகப்பனைத் தொலைத்துவிட்டுத் தனியாக அழுதுகொண்டிருந்தானாம். தொன்னையில் வைத்தால் வைத்த இடத்தில் இருந்தான். துடுப்பு மட்டும் இருக்கிறதா இல்லையா என்று அசைந்தது. அவன் அசையாமல் இருந்ததைப் பார்க்கப் பார்க்கச் சடையனுக்கு உடம்பெல்லாம் இளகிற்று. அன்று அவன் விட்ட கொட்டாவியில் வராந்தாக் கூரையில் தொங்கிய வௌவால் ஒன்று உள்ளே போய் வெளியே வந்ததாகச் சொல்கிறார்கள்.

"அண்ணே, அது விரால்" என்றாள் மணலி. தம்பி தங்கைகளை மணலுக்குள் தள்ளினாள்.

"இருக்கட்டுமே. குழந்தைதானே?"

"குழந்தைதான். விரால் குழந்தை."

"பாரு, எவ்வளவு அமைதியா இருக்கான். நீங்கல்லாம் ஒரு நாளாவது இப்படி ஓரிடத்துல இருந்திருக்கீங்களா?" என்று சடையன் கடிந்துகொண்டான். கொட்டாவியின் நடுவே சொன்னதால் கடைசி வார்த்தை சரியாகக் கேட்கவில்லை.

அப்புறம் சடையனுக்கு நல்ல காலம். தொட்டியில் ஒரு சலசலப்பும் இல்லை. விரால் குஞ்சு நடுவில் நிற்பான், சடையன் பார்ப்பான், தூங்குவான். எழுந்து கரையான் கொண்டுவந்து போடுவான், மறுபடி தூங்குவான். ஒவ்வொரு தூக்கத்துக்கும் குஞ்சு ஒரு விரற்கடை வளர்ந்தான். சிவப்பு மறைந்து உடம்பு கறுத்து வந்தது. வராந்தாவில் வெயில் படுகிறது, அதனால் கறுத்துவிட்டான் என்று நினைத்து, சடையன் தொட்டிக்கு மேல் ஒரு வாழை இலையை வைத்தான்.

அயிரைகள் கண்ணில் படவே இல்லை. எல்லாரும் மணலுக்குள் இருந்தார்கள். அவர்களும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

ஒரு நடுப்பகலில் சடையனின் மூக்கை ஒரு கட்டெறும்பு கடித்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். தொட்டிக்குள் விரால் வழக்கம்போல அசையாமல் நின்றான். அவனுக்கு நேர் கீழே, மணலிலிருந்து சின்ன மீசை ஒன்று எட்டிப் பார்த்தது. பசி தாங்காத நொய்யன். இன்னும் கொஞ்சம் வெளியே வந்தான். விரால் அப்போதும் அசையவில்லை. பிறகு ஒரே ஒரு தடவை அசைந்தான். நொய்யனின் வால் மட்டும் வாய்க்கு வெளியே துடித்தது.

சடையன் தண்ணீரில் ஓங்கி அறைந்தான். வாழை இலை பறந்தது, பாதித் தண்ணீர் வராந்தாவில் கொட்டிற்று. பயந்துபோன விரால் வாயைத் திறக்க, நொய்யன் வெளியே வந்து விழுந்தான். ஒரு பக்க மீசை முழுசாகப் போயிருந்தது.

"என்னடா பண்ணினே?" என்றான் சடையன்.

"விரால் பண்றதைத்தான் பண்ணினேன் மாமா" என்றான் விரால். அவன் முகத்தில் குற்றமும் இல்லை, பயமும் இல்லை. "அசையாம நின்னாதான் எனக்கு இரை கிடைக்கும். நீங்க அதைத்தானே மெச்சினீங்க?"

சடையன் மணலி பக்கம் திரும்பினான். அவள் தம்பியைத் தன் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். ஏன் தன்னை எழுப்பவில்லை என்று சடையன் கேட்டான்.

"எழுப்பினா கேக்கறீங்களா அண்ணே? நாங்கதான் முழிச்சுக்கிட்டே இருக்கோமே. நீங்க தூங்கறதுக்காக."

சடையன் தொட்டியின் மேல் குனிந்தான். தன் பெரிய கையைத் தொட்டிக்குள் குறுக்கே விட்டு, நல்ல கல் ஒன்றையும் தட்டையான பாறைத் துண்டு இரண்டையும் செருகி, விராலை ஒரு பக்கமும் அயிரைகளை ஒரு பக்கமுமாகத் தடுத்தான். கரையான் போட்டான். பிறகு நழுவாண்டியைத் தேடி ஓடினான். இந்த விராலை உடனே மடுவில் கொண்டுபோய் விட வேண்டும்.

மேட்டுப் பாறையில் நழுவாண்டி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். சடையன் எழுப்பப் போனவன் நின்றுவிட்டான். காட்டில் இந்தக் கோடையில் யாருக்கும் வயிறு என்று ஒன்று இல்லை. இவனுக்கு இருந்தது, பலாக்காய் போல. மீசையில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது. பட்டு நூல் போல மின்னிற்று. தூக்கத்திலேயே அவன் ஒரு ஏப்பம் விட்டான்.

சடையனின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மலைக்கு அப்பால் ஒரு தேன்கூடு புளித்துப்போனால் இங்கே தும்முகிற மூக்கு அது. அந்த ஏப்பத்தில் முதலில் பைட்டரின் வாசனை வந்தது. அடுத்து கெண்டை. அதற்கும் உள்ளே, அடியாழத்தில், கிழக்குப் புற்றுக் கரையானின் வாசனை. அந்தப் புற்றைத் தோண்டியவன் சடையன் ஒருவன்தான். அவன் கையால் ஊட்டிய கரையான், கெண்டை வயிற்றின் வழியாக, நீர்நாய் வயிற்றில் போய் உட்கார்ந்திருந்தது.

அப்போது அவனுக்கு எல்லாம் விளங்கிற்று. பொடி மீனைக் கொண்டுவந்து விடுவது. கரடி ஊட்டிக் கொழுக்க வைப்பது. ஒத்துப்போகாத மீனாகவே பார்த்துக் கொண்டுவந்தால், திருப்பி எடுக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. மடுவில் விட்டதும் பொய், புதுத் தண்ணீரில் வால் முளைக்கும் என்றதும் பொய்.

கை தானாக ஓங்கிற்று. ஓங்கிய கை நடுவில் நின்றது. கொட்டாவி விட்டுத் தேர்ந்தெடுத்தவன் யார்?

சடையன் அந்தக் கையாலேயே நழுவாண்டியின் தோளைத் தட்டினான். "மச்சான், எழுந்திரு. விரால் பெரிசாயிட்டான். வந்து எடுத்துக்கோ."

நழுவாண்டி துள்ளி எழுந்தான். வழியெல்லாம் விராலின் நீளம் எவ்வளவு, பருமன் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டே வந்தான். சடையன் கையால் காட்டக் காட்ட அவன் நடை ஓட்டமாயிற்று.

வராந்தா வந்ததும் சடையன் அவனைத் தூக்கித் தொட்டிக்கு முன்னால், கண்ணாடியோடு கண்ணாடியாக உட்கார வைத்தான். வாலைத் தன் பாதத்தின் அடியில் வைத்து மிதித்துக்கொண்டான்.

"என்ன மச்சான் இது?"

"பரீட்சை. உனக்கு நான் வைக்கவே இல்லையே."

"என்னைப் பார்த்துக் கொட்டாவி விடப் போறியா?"

"உன்னை நான் தனியாத்தான் பார்த்திருக்கேன்" என்றான் சடையன். "தனியாப் பார்த்தா நீ நல்லவன்தான். எல்லாருமே நல்லவங்கதான். இன்னைக்கு உன்னைப் பார்க்கப்போறதில்ல. உன் எதிர்ல இருக்கறவங்களைப் பார்க்கப்போறேன்."

பார்த்தான். தொட்டிக்குள் அயிரைகள் எல்லாம் ஒரு நொடியில் மணலுக்குள் மறைந்தன. அது பழகிப்போன காட்சி. ஆனால் விரால், எதற்கும் அசையாத விரால், நழுவாண்டியின் முகத்தைக் கண்டதும் பின்னால் போனான், போனான், கண்ணாடி மூலையில் முதுகு இடிக்கும்வரை போனான். கறுத்த உடம்பு வெளுத்துப்போயிற்று. "மாமா, இவரை அனுப்பிடுங்க மாமா" என்று குழந்தைக் குரலில் சொன்னான்.

நழுவாண்டியின் கடைவாயில் எச்சில் ஒழுகிற்று.

"வெயில்" என்றான்.

"மீசையில என்ன நூல்?" என்றான் சடையன்.

நழுவாண்டி மீசையைத் தடவிப் பார்த்தான். வாலை இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

சடையன் அவனை அடிக்கவில்லை. அதைவிடக் கொடுமையான காரியம் ஒன்று செய்தான். பெரிய தொன்னை தைத்து, தண்ணீர் நிரப்பி, விராலை அதில் விட்டு, நழுவாண்டியின் தலைமேல் ஏற்றினான். நழுவாண்டியின் வாயைக் காட்டுக்கொடியால் கட்டினான். "மடுவுல விடறேன்னு சொன்னே இல்ல? நட" என்றான்.

அருவி மடு ஒரு மலை ஏறி ஒரு மலை இறங்கும் தூரம். அந்த ஊர்வலத்தைப் பார்க்கக் காடே திரண்டது. முன்னால், தலையில் கொழுத்த விராலைச் சுமந்துகொண்டு, வாய் கட்டிய நீர்நாய். நடக்க நடக்கத் தொன்னைத் தண்ணீர், மீன் வாசனையோடு, அவன் மூக்கின் மேல் சொட்டிற்று. பின்னால் கரடி. "குலுங்குது மாமா, மெதுவா நடக்கச் சொல்லுங்க" என்று மேலேயிருந்து விரால். மடுவை அடைந்து விராலைத் தண்ணீரில் விட்டபோது நழுவாண்டி அழுதான். ஊரார் பாசம் என்று நினைத்தார்கள். அவிழ்த்துவிட்டதும் ஓடியவன், அந்த மலைப்பக்கம் அப்புறம் தலைகாட்டவே இல்லை.

சடையன் திரும்பி வந்து தொட்டியின் முன் உட்கார்ந்தான். அயிரைகள் மட்டும் இருந்தார்கள். மேல் பாதி வெறுமையாகக் கிடந்தது. கொசு முட்டையிட்டு, புழுவாக நெளிந்தது. யாராவது வேண்டும்தான். ஆனால் அவனுக்கு இப்போது ஆசையைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"யார் வேணும்னு நீயே சொல்லு" என்றான் மணலியிடம்.

மணலி யோசித்தாள். தாங்கள் அடித்தளத்துக்காரர்கள், மேலே வருவதில்லை என்றாள். ஆகையால் மேலேயே இருந்துகொண்டு கீழே இறங்காத ஆள் வேண்டும். நொய்யன் நுழைய முடியாத அளவுக்கு வாய் சின்னதாக இருக்க வேண்டும். இப்போதைய வாய் இல்லை, வளர்ந்து முடிந்த வாய். ஒற்றையாக வரக் கூடாது, உறவுக்காரர்களோடு வர வேண்டும். கடைசியாக இன்னொன்று சொன்னாள். "கொஞ்சமா வரச் சொல்லுங்க அண்ணே. தொட்டி வளராது."

மடுவின் ஓரத்தில் அப்படி ஒரு கூட்டம் உண்டு. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்தது போல மினுங்கும் பொடி மீன்கள். மேல்தண்ணீரிலேயே நின்று கொசுப்புழு தின்பார்கள். ஒரு சிறு குடும்பம் வரச் சம்மதித்தது. சடையன் அவர்களை உடனே உள்ளே விடவில்லை. தொன்னையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டான். அவர்களைப் பார்க்கவும் இல்லை. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி, கீழே மணலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. அவன் கால் பரபரத்தது. எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது. ஒரு காலை மறு காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தான். காது குடைந்தது, குடையட்டும் என்று விட்டான்.

மணலில் ஒரு மீசை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. மணலி வெளியே வந்து மேலே பார்த்தாள். வெள்ளிப் பொட்டுக்காரி ஒருத்தி தொன்னையின் விளிம்பிலிருந்து கீழே பார்த்தாள். "அடி வீட்டுல யாரு, நீங்களா? எங்க தூசி தும்பு விழுந்தா கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றாள். "விழட்டும், எங்களுக்கு அதுதான் சாப்பாடு" என்றாள் மணலி. எல்லாருக்கும் கடைசியாக, ஒரு பக்க மீசையோடு நொய்யன் வந்தான்.

அதற்குப் பிறகுதான் சடையன் தொன்னையைக் கவிழ்த்தான்.

தொட்டி அடங்கிற்று. மேலே வெள்ளி, கீழே மணல். அதது அதன் வேலையைப் பார்த்தது. அன்றைக்கு வந்த கொட்டாவி அவன் கூப்பிட்டு வந்ததில்லை. கால்கள் முதலில் தூங்கின, அப்புறம் காது, அப்புறம் முதுகு. அவன் விட்ட குறட்டை மலையில் மோதித் திரும்பிற்று. எங்கோ கடல்மேல் போய்க்கொண்டிருந்த மேகங்கள் அதைக் கேட்டு, தங்கள் சொந்தக்கார இடிதான் இந்தக் காட்டிலிருந்து கூப்பிடுகிறது என்று நினைத்துப் பாதையை மாற்றிக்கொண்டன. நம்பாதவர்கள் அந்த வருஷம் மழை ஏன் முந்தி வந்தது என்று வேறு காரணம் சொல்லட்டும், பார்க்கலாம்.

மழையிலும் அவன் எழவில்லை. தொட்டி நிரம்பி வழிய, மேலேயிருந்த வெள்ளிப் பொட்டுக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வாலால் அடித்து அவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்தார்கள்.

"அண்ணே, ஆறு வந்துடுச்சு" என்றாள் மணலி.

சடையன் தொட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினான். குலுங்காமல், ஒவ்வொரு அடியாக வைத்து, தன் கால் தேய்த்த பழைய தடத்திலேயே நடந்தான். கரையில் தொட்டியைச் சாய்த்தான். வெள்ளிப் பொட்டுக்காரர்கள் போனார்கள். அயிரைகள் போனார்கள். சடையன் குனிந்து உள்ளே பார்த்தான். மூலை மணலில் நொய்யன் மட்டும் இருந்தான்.

"போகலையாடா?"

"ஆத்துல விரால் இருக்குமே."

"இருக்கும்" என்றான் சடையன். பொய் சொல்லவில்லை. "ஆனா ஆறு பெரிசு. அவனுக்கும் இடம் உண்டு, உனக்கு ஓடவும் இடம் உண்டு. இங்கதான் அது இல்ல."

நொய்யன் இருந்த ஒரு பக்க மீசையால் சடையனின் மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு புதுத் தண்ணீரில் இறங்கி மணலி போன பக்கம் போனான்.

சின்ன இடத்தில் சேர்ந்து வாழப்போகிறவர்களைத் தனித்தனியாகப் பார்த்து மயங்காமல், ஒருவர் பக்கத்தில் ஒருவரை வைத்து, இருப்பதிலேயே சிறியவன் நிம்மதியாக இருக்கிறானா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.